வில்லன் என்ன செய்து கொண்டிருக்கிறான்?

ஆக்‌ஷன் படத்துக்குத் திரைக்கதை எழுத உட்காரும் பலரும் முதலில் யோசிப்பது ஹீரோவைத்தான். அறிமுகக் காட்சி, முதல் சண்டை, காதல், குடும்பம், ஒரு இழப்பு, பிறகு பழிவாங்கல். வில்லனுக்கு? ஒரு பங்களா, நாலு அடியாட்கள், ஒரு சிரிப்பு. ஹீரோ தேடி வந்து உதைக்கும் வரை அந்த மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பான். இடைவேளைக்குப் பிறகு படம் படுத்துவிடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

காலத்தைத் தாண்டி நின்ற ஆக்‌ஷன் படங்களை எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. அவற்றில் ஹீரோ கதை, வில்லன் கதை என்று இரண்டு தண்டவாளங்கள் ஓடுகின்றன. ஒன்றில் நடப்பது அடுத்ததைத் தள்ளுகிறது. இந்த வித்தை ஒரே நாளில் வந்ததில்லை. 1954, 1975, 1988 ஆகிய வருடங்களில் மூன்று வெவ்வேறு நாடுகளில் வெளிவந்த மூன்று படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது எப்படி வளர்ந்தது என்பது புரியும்.

(படங்களை இன்னும் பார்க்காதவர்களுக்கு: மூன்றின் முடிவும் கீழே வருகிறது!)

1. கணக்கு வைத்த படம்: செவன் சாமுராய் (1954)

அகிரா குரோசவா, ஷினோபு ஹஷிமோட்டோ, ஹிடியோ ஒகுனி ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய திரைக்கதை. படம் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். 16ஆம் நூற்றாண்டு ஜப்பானில் ஓர் ஏழை விவசாய கிராமம், அதைக் கொள்ளையடிக்க வரும் கூட்டம், கிராமத்தைக் காக்க வரும் ஏழு சாமுராய்கள். கதை அவ்வளவுதான்.

ஆனால் படம் யாரிடமிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். கொள்ளையர்களிடமிருந்து! குதிரைகளில் வந்து கிராமத்துக்கு மேலே நிற்கிறார்கள். போன இலையுதிர் காலத்தில்தான் நெல்லை அள்ளிப் போனோம், இப்போது ஒன்றும் தேறாது, பார்லி விளைந்ததும் வரலாம் என்று பேசிவிட்டுப் போகிறார்கள். அதை ஒரு கிராமத்தான் கேட்டுவிடுகிறான். வில்லன் தேதி குறித்துவிட்டான். இனி கிராமத்தார் ஆள் தேடுவது, சாமுராய்கள் ஒவ்வொருவராகச் சேர்வது, விவசாயிகளுக்கு மூங்கில் ஈட்டிப் பயிற்சி என்று எது நடந்தாலும் பார்வையாளர் மனதில் பார்லி விளைந்து கொண்டே இருக்கிறது. முதல் பாதி முழுக்க வில்லன் திரையிலேயே இல்லை. ஆனாலும் அவன்தான் படத்தை ஓட்டுகிறான்.

இன்னொரு விஷயம் எண்ணிக்கை. கொள்ளையர்கள் 40 பேர், அவர்களிடம் 3 துப்பாக்கிகள். தலைமை சாமுராயான கம்பெய் ஒரு தாளில் வட்டங்களாகப் போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொருவன் சாகும்போதும் ஒரு வட்டத்தை அடிக்கிறார். சண்டை எந்த நிலையில் இருக்கிறது என்பது கடைசி வரிசை ரசிகனுக்கும் தெரியும்.

துப்பாக்கிக் கணக்கு இதைவிட முக்கியம். ஒன்றைக் கியூசோ என்ற சாமுராய் இரவில் தனியாகப் போய்ப் பிடுங்கி வருகிறான். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட கிகுச்சியோ, தன் காவல் இடத்தை விட்டுவிட்டுப் போய் இன்னொன்றைக் கொண்டு வருகிறான். அவன் இல்லாத இடைவெளியில் கொள்ளையர்கள் புகுந்து உயிர்ச்சேதம் ஆகிறது. மூன்றாவது துப்பாக்கி? அது கடைசிச் சண்டை வரை காத்திருந்து கியூசோ, கிகுச்சியோ இருவரையுமே கொல்கிறது. இறக்கும் நான்கு சாமுராய்களும் குண்டு பட்டே சாகிறார்கள், ஒருவரும் வாளால் சாகவில்லை. வாளின் காலம் முடிகிறது என்ற வரலாற்றை வசனமாகச் சொல்லாமல் வில்லன் கையில் இருக்கும் பொருளின் வழியாகவே சொல்லிவிட்டார்கள்.

இதில் ஒரு குறை உண்டு என்று சொல்லலாம். வில்லனுக்கு முகம் இல்லை. கொள்ளையர் தலைவனைப் பற்றி நமக்குக் கிட்டத்தட்ட எதுவும் தெரியாது. புயல், வெள்ளம் மாதிரி அவனும் ஓர் ஆபத்து. அந்த முகம் வருவதற்கு இன்னும் இருபது வருடங்கள் ஆயின.

2. முகம் கிடைத்த படம்: ஷோலே (1975)

ரமேஷ் சிப்பி இயக்கம், சலீம் – ஜாவேத் எழுத்து. பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரப் பாறைகளுக்கு நடுவே எடுத்த படம். ஹீரோக்கள் யார் என்று கேட்டால் தர்மேந்திரா, அமிதாப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் கதையின் நாயகன் டாக்கூர் பல்தேவ் சிங். ஜெய், வீரு இருவரும் அவர் கூலிக்குப் பிடித்த கைகள்.

'கைகள்' என்ற சொல் இங்கே உவமை இல்லை. டாக்கூர் எந்நேரமும் சால்வை போர்த்தியிருக்கிறார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஹோலிப் பண்டிகையன்று கப்பர் சிங் ஊரைத் தாக்கும்போது ஜெய்யும் வீருவும் மாட்டிக்கொள்கிறார்கள். டாக்கூரின் காலடியில் துப்பாக்கி கிடக்கிறது. அவர் எடுத்துத் தரவில்லை. இருவருக்கும் கோபம், வேலையை விட்டுக் கிளம்பத் தயாராகிறார்கள். அப்போதுதான் பழைய கதை வருகிறது. போலீஸ் அதிகாரியாக இருந்தபோது டாக்கூர் கப்பரைப் பிடித்துச் சிறையில் தள்ளினார். கப்பர் தப்பி வந்து அவர் குடும்பத்தைக் கொன்றான். ஆத்திரத்தில் தனியாகத் தேடிப்போன டாக்கூரின் இரண்டு கைகளையும் வெட்டினான். கதை முடிகிறது, சால்வை நழுவுகிறது.

திரைக்கதை வேலை எப்படி என்று கவனியுங்கள். ஹீரோக்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்ற கேள்விக்கான பதிலை வில்லனின் கடந்த காலத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைத் திறக்கும் சாவியையும் வில்லனே கொண்டு வருகிறான். அவன் ஹோலியன்று வந்திருக்காவிட்டால் அந்த உண்மை அப்போது வெளியே வந்திருக்காது.

கப்பர் திரையில் வருவதற்கு சுமார் ஒரு மணி நேரம் ஆகிறது. அதுவரை ரயில் சண்டை, சிறை நகைச்சுவை, பாட்டு. ஆனால் வந்த முதல் காட்சியிலேயே தோற்றுத் திரும்பிய தன் ஆட்கள் மூவரை விளையாட்டுக் காட்டிச் சுட்டுக் கொல்கிறான். சொந்த ஆட்களுக்கே இந்தக் கதி என்றால் எதிரிக்கு? கேள்வியை ரசிகனிடமே விட்டுவிடுகிறார்கள். அம்ஜத் கானுக்கு இதுதான் பெயர் வாங்கித் தந்த வேடம். பிறகு படத்தின் வசனங்கள் தனி இசைத்தட்டாகவே வந்து விற்றன. கப்பர் வேடத்திலேயே அவர் பிஸ்கட் விளம்பரத்திலும் வந்தார். கொள்ளைக்காரன் பிஸ்கட் விற்கும் அளவுக்கு வில்லன் பிரபலமான காலம் அது!

இந்தப் படத்தின் முடிவில்தான் விவகாரம். எழுதியபடி, எடுத்தபடி, டாக்கூர் ஆணி பதித்த காலணிகளால் கப்பரை மிதித்துக் கொல்ல வேண்டும். கைகளைப் பறித்தவனைக் கால்களால் முடிப்பது. இரண்டு தண்டவாளங்களும் சேரும் இடம் அது. ஆனால் 1975 ஜூன் 25ஆம் தேதி நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுப்பதைத் தணிக்கைக் குழு ஏற்கவில்லை. முடிவைத் திரும்ப எடுத்தார்கள். கடைசி நிமிடத்தில் போலீஸ் வந்து தடுக்கிறது, கப்பர் கைதாகிறான். 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதி வெளியான படம் இதுதான். புதுப்பிக்கப்பட்ட பிரதி 2025ல் திரையிடப்பட்டபோதுதான் பழைய முடிவு முறையாகப் பெரிய திரைக்கு வந்தது.

ஒரு வில்லன் எப்படி முடிகிறான் என்பது எழுத்தாளரின் சொந்த விஷயம் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? கப்பரை ஏற்கெனவே ஒரு தடவை சிறையில் போட்டாகிவிட்டது, அங்கிருந்து தப்பி வந்துதான் அத்தனையும் செய்தான். மறுபடியும் அவனைச் சிறைக்கே அனுப்பும் முடிவு, கதை சொல்லிக்கொண்டு வந்ததற்கே எதிராகப் போகிறது. அரசாங்கத்துக்குச் சட்டம் ஜெயிக்க வேண்டியிருந்தது. கதைக்கு டாக்கூர் ஜெயிக்க வேண்டியிருந்தது.

3. திட்டம் கிடைத்த படம்: டை ஹார்ட் (1988)

ராட்ரிக் தார்ப் 1979ல் எழுதிய 'நத்திங் லாஸ்ட்ஸ் ஃபாரெவர்' என்ற நாவல்தான் மூலம். நாவல் முழுக்க ஹீரோவின் பார்வையிலேயே நடக்கிறது. ஓய்வு பெற்ற போலீஸ்காரரான லேலண்ட் பார்க்காத எதையும் வாசகன் பார்க்க முடியாது. எதிரிகள் நிஜமான தீவிரவாதிகள். முடிவில் வில்லன் கட்டடத்திலிருந்து விழும்போது லேலண்டின் மகளையும் இழுத்துக்கொண்டு போகிறான்.

ஜெப் ஸ்டூவர்ட், ஸ்டீவன் டி சூசா இருவரும் எழுதிய திரைக்கதை இதைத் தலைகீழாக மாற்றியது. இந்தப் படத்தைப் பொறுத்தவரை வில்லனையே மையப் பாத்திரமாக நினைத்துத்தான் கதையை அமைத்ததாக டி சூசா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். திட்டம் போட்டவன் ஹான்ஸ் க்ரூபர். ஆள் சேர்த்தவன் அவன். தடைகளைத் தாண்டி முன்னேறுபவனும் அவனே. ஜான் மெக்ளேன் அந்தத் திட்டத்தின் நடுவில் செருப்புக் கூட இல்லாமல் மாட்டிக்கொண்ட ஒரு இடைஞ்சல்!

திட்டம் இதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, நகடோமி கட்டடம். தீவிரவாதிகள் மாதிரி நடித்து விருந்தில் இருப்பவர்களைப் பணயமாகப் பிடிப்பது. உண்மையான நோக்கம் பெட்டகத்தில் உள்ள 640 மில்லியன் டாலர் பத்திரங்கள். பெட்டகத்துக்கு ஏழு பூட்டுகள். ஏழாவது மின்காந்தப் பூட்டு, மின்சாரம் போனால்தான் திறக்கும். பணயக்கைதிகள் பிடிபட்டால் எஃப்.பி.ஐ. வழக்கமாகக் கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆக, போலீஸ் வருவது வில்லனின் திட்டத்திலேயே ஒரு படி!

இங்கேதான் இரண்டு தண்டவாளங்களும் அழகாகப் பின்னிக்கொள்கின்றன. மெக்ளேன் உயிரைக் கொடுத்துப் போலீஸை வரவழைக்கிறான். ரசிகன் கை தட்டுகிறான். ஆனால் அது ஹான்ஸுக்குச் செய்த உதவி. மறுபக்கம் மெக்ளேன் ஒரு திருடனைக் கொன்று அவன் பையை எடுத்துக்கொள்கிறான். அதில் இருப்பவை டெட்டனேட்டர்கள். மொட்டை மாடியை வெடிக்க வைத்து, தாங்களும் செத்துவிட்டதாக நம்ப வைத்துத் தப்பிக்க ஹான்ஸுக்கு அவை கட்டாயம் தேவை. ஹீரோ தெரிந்து செய்தது வில்லனுக்கு லாபம், தெரியாமல் செய்தது வில்லனுக்கு நஷ்டம். சண்டையே இல்லாத நேரத்திலும் படம் இறுக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடைசிச் சண்டைக்கு முன்பே இருவரும் நேரில் சந்திக்க ஒரு வழி வேண்டும் என்று எழுத்துத் தரப்பு தேடிக்கொண்டிருந்தது. ஆலன் ரிக்மனுக்கு அமெரிக்க உச்சரிப்பு வரும் என்று தெரிந்ததும், ஹான்ஸ் தப்பி வந்த பணயக்கைதி மாதிரி நடிக்கும் காட்சி உருவானது. மெக்ளேன் அவனை முழுதாக நம்பாமல் குண்டில்லாத துப்பாக்கியைக் கொடுக்கிறான். ஆனால் ஹான்ஸும் அதற்குள் மெக்ளேனின் வெறுங்காலைக் கவனித்துவிட்டான். ஆட்கள் வந்ததும் கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். மெக்ளேன் கண்ணாடிச் சில்லுகளில் ரத்தக் காலோடு ஓட, டெட்டனேட்டர்கள் மறுபடி ஹான்ஸ் கைக்குப் போய்விடுகின்றன. ஒரே காட்சியில் இருவருக்கும் வெற்றியும் தோல்வியும்.

படப்பிடிப்பு நடக்கும்போதே திரைக்கதை மாறிக்கொண்டிருந்ததற்குத் தடயமும் இருக்கிறது. கடைசியில் ஹான்ஸ் கூட்டம் தப்பிக்க லாரிக்குள் ஓர் ஆம்புலன்ஸ் வைத்திருக்கிறது. ஆரம்பத்தில் அதே லாரியிலிருந்து இறங்கும்போது உள்ளே ஆம்புலன்ஸ் கிடையாது! அந்த யோசனையே பிறகுதான் வந்தது. இப்படி ஒரு ஓட்டை இருந்தும் படம் பாதிக்கப்படவில்லை, ஏனென்றால் திட்டத்தின் முதுகெலும்பு உறுதியாக இருந்தது.

முடிவில் நாவலின் சோகத்தைத் திருப்பிப் போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே தொங்கும் ஹான்ஸ், மெக்ளேனின் மனைவி ஹாலியின் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அது கம்பெனி பரிசளித்த கடிகாரம், முதல் அரைமணி நேரத்திலேயே அதைப் பற்றிப் பெருமையடித்தாகிவிட்டது. மெக்ளேன் அதன் பட்டையைக் கழற்றுகிறான். ஹான்ஸ் விழுகிறான், ஹாலி பிழைக்கிறாள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்

செவன் சாமுராயில் வில்லனுக்கு ஒரு தேதி கிடைத்தது. ஷோலேயில் ஒரு முகமும் கடந்த காலமும் கிடைத்தன. டை ஹார்டில் ஒரு முழுத் திட்டம் கிடைத்தது. திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட வேண்டும். இடப்பக்கம் ஹீரோ, வலப்பக்கம் வில்லன். ஹீரோ வராமலே போயிருந்தால் வில்லனின் திட்டம் எப்படி நடந்து முடிந்திருக்கும் என்பதை முதலில் வலப்பக்கம் எழுத வேண்டும். பிறகு இடப்பக்கத்து ஒவ்வொரு காட்சிக்கும் நேர் எதிரே வலப்பக்கத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றுமே மாறாத காட்சி இருந்தால் அது எவ்வளவு நல்ல சண்டையாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியது.

இன்னொன்றும் உண்டு. மூன்று படங்களிலும் காப்பாற்ற வேண்டிய அரசாங்கம் காப்பாற்றவில்லை. விவசாயிகளுக்கு உதவ எந்தப் பிரபுவும் வரவில்லை. சிறை கப்பரைப் பிடித்து வைக்கவில்லை. எஃப்.பி.ஐ. வில்லனின் பூட்டைத் திறந்து கொடுத்தது. வில்லன் உள்ளே நுழைய இடம் கொடுத்தது அந்த ஓட்டைதான், ஹீரோவுக்கு வேலை வைத்ததும் அதுதான். அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒரு திரைக்கதை கண்டுபிடித்துவிட்டால் வில்லன் சும்மா உட்கார்ந்து காத்திருக்க வேண்டிய அவசியமே வராது.