மெட்டும் சொல்லும்: ஊவாத் தோட்டப்புறமும் பழைய இசைத்தட்டுகளும்

பதுளையை நோக்கிச் செல்லும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் இறுதிக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. 1894இல் பண்டாரவளையை அடைந்த இருப்புப்பாதை பதுளையை எட்டுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இல் அப்பாதை முற்றுப்பெற்றபோது, ஊவாத் தோட்டங்களின் தேயிலை கொழும்புத் துறைமுகத்துக்கு விரைந்து செல்ல வழி பிறந்தது. கீழ்நோக்கித் தேயிலை சென்ற அதே பாதையில் மேல்நோக்கி அரிசியும் துணியும் வந்தன. தமிழ்ப் பத்திரிகைகளும் காலணாப் பாட்டுப் புத்தகங்களும் வந்தன. காலப்போக்கில் கிராமபோன் இசைத்தட்டுகளும் வந்தன. அரிசியினதும் தேயிலையினதும் கணக்கு ஏடுகளில் உள்ளது. இசைத்தட்டின் கணக்கை எழுதியவர் இலர்.

பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பது பொழுதுபோக்காகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. மலையகத் தொழிலாளர் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அது இன்றியமையாத ஓர் ஆய்வுப் பணி என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேறொரு மலைநாடு

நமது நிலைமையைத் தெளிவாகக் காண, முதலில் வேறொரு மலைநாட்டை நோக்குவாம். ஐக்கிய அமெரிக்காவில், வெர்ஜீனியா, டென்னசி ஆகிய மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகருக்கு, 1927ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், விக்டர் நிறுவனத்தின் சார்பில் ரால்ஃப் பீர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் வந்தார். அங்கு அவர் பதிவு செய்தோருள் கார்ட்டர் குடும்பத்தினரும், புகையிரதத் தொழிலாளியாயிருந்து காசநோயுற்ற ஜிம்மி ரொட்ஜர்ஸும் அடங்குவர். இன்று கன்ட்ரி இசை என உலகம் அறியும் மரபின் தொடக்கமாக அப்பதிவுகள் போற்றப்படுகின்றன. நிறுவனத்தை அம்மலைக்கு இட்டுச்சென்றது கலையார்வம் அன்று. சுரங்கத்திலும் ஆலையிலும் கூலி பெற்ற ஏழை வெள்ளையர், தம் பாட்டைத் தாமே காசு கொடுத்து வாங்குவர் என்ற வணிகக் கணிப்பே அது.

இக்கதையில் பெயர் மறைக்கப்பட்டோரும் உளர். கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஏ.பி. கார்ட்டர் ஊரூராகச் சென்று பாடல் திரட்டியபோது, உடன் சென்று மெட்டுகளை நினைவில் ஏந்தி வந்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர். இசைத்தட்டுகளில் அவர் பெயர் இல்லை. 1960களின் நடுப்பகுதியில் மைக் சீகர் என்னும் இசைஞரும் சேகரிப்பாளருமானவர் தேடிச் சென்ற பின்னரே ரிடிலின் பங்கு வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1950களில் எழுந்த ரொக்கபிலி இசையிலும் இதே நிலையைக் காண்கிறோம். அவ்விசையின் முன்னோடிகளுள் ஒருவரான கார்ல் பெர்க்கின்ஸ் பருத்தி வயலில் வேலை செய்த குத்தகைக் குடும்பத்தின் பிள்ளை. அவருக்குக் கிட்டார் கற்பித்தவர் அதே வயலில் உழைத்த கறுப்பின முதியவர் ஒருவர். இசைத்தட்டின் மீது அச்சிடப்பட்ட பெயர் அத்தட்டின் வரலாறு முழுவதையும் சொல்லிவிடுவதில்லை என்பது இவற்றால் புலனாகும்.

தமிழ் இசைத்தட்டும் அதன் எல்லையும்

இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. தமிழ் இசைத்தட்டு வணிகம் 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் பெருகியது. அக்காலத்தில் தட்டேறியோர் பெரும்பாலும் நாடக மேடையினரும் கச்சேரிப் பாடகருமே. பேசும் படம் வந்தபின் திரைப்பாடகர் அவர்களுடன் சேர்ந்தனர். எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933), கே.பி. சுந்தராம்பாள் (1908–1980), எம்.கே. தியாகராஜ பாகவதர் (1910–1959) ஆகியோரின் குரல்கள் கடல் கடந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றன. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் 1920களில் இலங்கை மேடைகளிலே நடித்தவர்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) போன்றோர் இயற்றிய தேசியப் பாடல்களும் மேடை வழியாகவும் தட்டு வழியாகவும் பரவின.

ஆயின், தோட்டத்து லயங்களில் வழங்கிய தெம்மாங்கும் ஒப்பாரியும், காமன் கூத்தும் அருச்சுனன் தபசும், தப்பின் முழக்கமும் இந்நிறுவனங்களின் கவனத்துக்கு வெளியே நின்றன. பிரிஸ்டலுக்கு வந்த கருவி ஹாலிஎலைக்கு வராத காரணத்தைப் பண்பாட்டில் தேடுவது வீண். அது பொருளாதாரத்திலேயே உள்ளது. அப்பலாச்சிய மலையின் கூலியாளும் கடனாளியே. எனினும் அவன் சந்தையில் ஒரு நுகர்வோனாகக் கருதப்பட்டான். தோட்டத் தொழிலாளியோ பெரிய கங்காணியின் கடனோடும், அக்கடனைக் காட்டும் துண்டோடும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டவன். துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், அவனது கூலி கிராமபோன் பெட்டி வாங்கும் கூலியாய் இருக்கவில்லை. பெட்டி கங்காணி வீட்டிலும் நகரத்துக் கடையிலும் இருந்தது. கோவில் திருவிழாவிலும் கலியாணத்திலும் ஒலிபெருக்கி கட்டி ‘ரெக்கோட்’ போடும் வழக்கம் வந்தபின்னரே தட்டின் குரல் லயத்துக்கு முழுதாய்க் கேட்டது. இவ்வாறு தொழிலாளி தட்டை வாங்கியவன் அல்லன்; தட்டைக் கேட்டவன்.

மெட்டு ஏந்திய சொல்

கேட்டதோடு அவன் நின்றுவிடவில்லை. கேட்ட மெட்டைத் தன் வாழ்வுக்கு எடுத்துக்கொண்டான். வரலாற்றாசிரியர் நோக்கில் இதுவே முதன்மையானது.

தோட்டத் தொழிலாளரை அரசியல் வழியில் திரட்டிய முன்னோடி கோ. நடேசய்யர் (1887–1947). 1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடி மக்களை ஈர்த்தார். தாமும் தொழிலாளர் துயரைப் பாடல்களாக்கிச் சிறு நூல்களாக வெளியிட்டார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவரது பாட்டு நூல் 1940இல் வெளிவந்தது. முல்லோயாவில் கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்டதும், பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்ததும் அவ்வாண்டிலேயே. எஸ்.எஸ். நாதன், ஜில் சுல்தான், வேலுசாமிதாசன், கா.சி. ரெங்கநாதன் முதலியோரும் இத்தகைய பாடல்களை இயற்றி, துண்டுப் பிரசுரங்களாகவும் சிறு நூல்களாகவும் மக்களிடையே பரப்பினர்.

பாட்டுப் பிரசுரங்களின் பொது அமைப்பு ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. பாடலின் தலைப்பில், அது இன்ன பாட்டின் மெட்டில் பாடப்பட வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். சுரம் இராது, தாளம் எழுதியிராது. முதலடி சொன்னால் போதும். மெட்டு யாவர்க்கும் தெரியும் என்பதே இயற்றியவரின் துணிவு. அத்துணிவை அவருக்குத் தந்தவை நாடக மேடையும் இசைத்தட்டும் திரைப்படமுமாகும். எனவே பிரசுரம் ஆவணத்தின் ஒரு பாதி, தட்டு மறுபாதி. இன்று நூலகத்தில் அப்பிரசுரத்தைக் கையில் எடுப்பவர் சொல்லை வாசிக்கின்றார், பாட்டைக் கேட்பதில்லை. காதல் மெட்டில் கண்ணீர் பாடப்பட்டதா, பக்தி மெட்டில் வேலைநிறுத்தம் பாடப்பட்டதா என்பது தெரியாதபோது, அப்பாடலின் எள்ளலும் ஆவேசமும் நமக்கு எட்டா.

இம்முறை உலகத் தொழிலாளர் யாவர்க்கும் பொதுவானது. 1931இல் கென்டக்கி மாநிலச் சுரங்கப் போராட்டத்தின்போது புளோரன்ஸ் ரீஸ் என்னும் பெண் தமது புகழ்பெற்ற தொழிற்சங்கப் பாடலைப் பழைய மெட்டு ஒன்றில் அமைத்தார். மீனாட்சியம்மாளின் நூல் வெளிவந்த அதே 1940இல், அமெரிக்க மக்கட் கவிஞர் வுடி கத்ரி, கார்ட்டர் குடும்பத்தின் இசைத்தட்டில் இருந்த சமயப் பாடலொன்றின் மெட்டில், நிலம் மக்களுடையது என்னும் தமது பாடலை இயற்றினார். அமெரிக்க ஆய்வாளர் மெட்டையும் சொல்லையும் ஒப்புநோக்க இயலுகின்றதெனின், அத்தட்டுகளைச் சேர்த்துக் காத்தோர் இருந்தமையே அதற்குக் காரணம். 1952இல் ஹரி ஸ்மித் 84 பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். மேரிலாந்தின் ஜோ புசார்ட் (1936–2022) வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி ஆயிரக்கணக்கான தட்டுகளைத் திரட்டினார்.

‘மலையக மக்களின் சொந்தப் பாடல் நாட்டார் பாடலே, தென்னிந்தியத் திரைமெட்டு வெளியிலிருந்து வந்த கேளிக்கை’ எனச் சிலர் வாதிடலாம். நாட்டார் பாடல்களைத் திரட்டிய சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984), ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ தந்த சாரல் நாடன் (1944–2014) ஆகியோரின் பணியை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். எனினும், ஒரு வர்க்கம் தனக்குக் கிடைத்த கருவியைத் தன் தேவைக்குத் திருப்பிக்கொள்வதும் படைப்பே. வாய்மொழிப் பாடலைத் தூய்மையெனக் கொண்டு தட்டின் மெட்டை ஒதுக்குவோர், தொழிலாளியை 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுத்திவிடுகின்றனர். 1930களின் தொழிலாளி பத்திரிகை வாசிக்கக் கேட்டவன், கூட்டத்துக்குச் சென்றவன், பாகவதரையும் அறிந்தவன்.

இழப்பு

இவ்வாவணத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அழிவு தானாக நிகழவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பதுளையிலும் ஹாலிஎலையிலும் புகையிரதம் ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் சென்ற குடும்பங்கள் தம்மோடு எடுத்துச்சென்றவை சிலவே. அரக்கினாலான இசைத்தட்டு கனமானது, விழுந்தால் உடைவது, பெட்டியில் இடம் அடைப்பது. 1983 ஜூலையில் பதுளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அரக்கு தீயில் எளிதில் உருகி எரியும் பொருள். எரிந்த கட்டடங்களை எண்ணிய அறிக்கைகள் உள. அவற்றினுள் இருந்த குரல்களை எண்ணிய அறிக்கை இல்லை.

செய்யத்தக்கது

எஞ்சியவற்றைச் சேர்க்கும் பணிக்கு முறையியல் ஒன்று தேவை. அரிய தட்டுக்கு விலை பேசும் சேகரிப்பாளரின் வழி நமக்குப் போதாது. தட்டின் இலக்கம், நிறுவனம், பாடகர் பெயர் ஆகியவற்றோடு, சிட்டையை அடுத்துப் பொறிக்கப்பட்ட பதிவெண்ணும் குறிக்கப்பட வேண்டும். பதிவுக் காலத்தைக் கணிக்க அவ்வெண்ணே துணைசெய்யும். அதனினும் முக்கியமாக, அத்தட்டு எந்தத் தோட்டத்தில், யாருடைய பெட்டியில், எந்த நிகழ்ச்சியில் ஒலித்தது, அதன் மெட்டில் வேறு எந்தப் பாடல் பாடப்பட்டது என்பன கேட்டு எழுதப்பட வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் தட்டின் மீது பூஞ்சணம் படரும். அதைத் துடைக்கச் சாராயம் கலந்த திரவத்தைப் பயன்படுத்தலாகாது, அரக்கு கரைந்துவிடும். தட்டுகளை அடுக்கிக் கிடத்தாது நிறுத்தி வைத்தல் வேண்டும். தேய்ந்த ஊசியால் ஒருமுறை ஓட்டுவதும் கேடு. எனவே முதலில் எண்ணிமப் பதிவு, பின்னரே கேட்டு மகிழ்தல்.

இதற்கு முன்மாதிரிகள் உள. 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சு நூல்களோடு இசைத்தட்டுகளையும் காக்கின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி யாவர்க்கும் திறந்து வைத்துள்ளது. அங்குள்ள பாட்டுப் பிரசுரங்களையும் சென்னையில் உள்ள தட்டுகளையும் இணைத்து நோக்கும் ஒரு பட்டியலே நமது முதற்பணியாகலாம். தேடல் ஊவாவோடு நிற்கவும் கூடாது. தாயகம் திரும்பியோர் குடியமர்ந்த நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அது தொடர வேண்டும்.

லெஸ்லி ரிடிலைத் தேடிச் சென்றவருக்கு அவரை உயிரோடு காணும் வாய்ப்புக் கிட்டியது. ஊவாத் தோட்டங்களில் 1940களின் கூட்டங்களைச் சிறுவராய்க் கண்டோர் இன்று தொண்ணூறை அணுகியோர் அல்லது கடந்தோர். பிரசுரத்தின் தலைப்பிலுள்ள ஒற்றை முதலடியைக் கண்டதும் மெட்டைப் பாடிக்காட்ட வல்லோர் அவர்களே. தட்டு இன்னும் சில ஆண்டுகள் பரணில் காத்திருக்கலாம், அவர்கள் காத்திரார். ஆதலின், நமது தேடலை அவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.