வீரப் போர்வை

வீரப் போர்வை என்பது, போரினால் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் வழங்குவதற்காக ஐக்கிய அமெரிக்காவில் தன்னார்வலர்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை ஆகும். ஆங்கிலத்தில் இது குவில்ட் ஒஃப் வேலர் எனப்படுகின்றது. பல நிறத் துணித்துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சுப்படலம், கீழே அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் ஊடுதையலால் பிணைத்ததே குவில்ட். பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைகளும், வங்காளத்துக் காந்தாவும் இதற்கு உறவானவை. எனினும் அவற்றில் பொதுவாகப் பஞ்சுப்படலம் இருப்பதில்லை.

வரலாறு

படைவீரருக்குப் போர்வை தைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பழமையானது. உள்நாட்டுப் போரின்போது (1861-1865) வடபகுதிப் பெண்கள், மருத்துவமனைக் கட்டிலுக்கு ஏற்ற குறுகிய போர்வைகளைத் தைத்து, ஐக்கிய அமெரிக்க சுகாதார ஆணையத்தின் வழியாக அனுப்பினர். அவற்றில் இன்று எஞ்சியுள்ளவை மிகச் சிலவே. பெரும்பாலானவை பயன்பட்டுத் தேய்ந்தன. சில, இறந்த வீரருடன் புதைக்கப்பட்டன.

இன்றைய இயக்கத்தை 2003ஆம் ஆண்டில் டெலவேர் மாநிலத்தின் சீபோர்ட் நகரில் கேத்தரின் ராபர்ட்சு தொடங்கினார். அப்போது அவருடைய மகன் ஈராக்கில் பணியாற்றினார். நள்ளிரவில் கட்டில் விளிம்பில் கூனிக்குறுகி அமர்ந்திருந்த ஓர் இளைஞன், போர்வையைப் போர்த்தியதும் தேறியதாகத் தாம் கண்ட கனவே தூண்டுதல் என்று அவர் கூறியுள்ளார். முதற் போர்வை அதே ஆண்டு நவம்பரில், வால்ட்டர் ரீட் படைத்துறை மருத்துவமனையில், ஈராக்கில் காலை இழந்த இளம் வீரர் ஒருவருக்கு வழங்கப்பட்டது. பின்னர் கொரியப் போர், வியட்நாம் போர் ஆகியவற்றில் பணியாற்றியோருக்கும் வழங்கப்பட்டது. இதுவரை மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட போர்வைகள் வழங்கப்பட்டுள்ளன.

போர்வையை முடித்தல்

மேல்துணி முடிந்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணுவது பொருந்தாது. மேல்துணி மட்டும் போர்வை ஆகாது; துவைத்தால் அதன் உட்புறத் தையலோரங்கள் பிசிறிவிடும். பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மேல்துணிகள் எல்லா நாட்டுத் தையற்காரர் வீட்டிலும் உண்டு.

அடித்துணியும் பஞ்சுப்படலமும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் சில அங்குலம் பெரிதாக வெட்டப்படும். ஊடுதையலின்போது துணி இழுபடும் என்பதே காரணம். மூன்றையும் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து வெளிநோக்கி ஊக்குகளாலோ தற்காலிகத் தையலாலோ பிணைப்பர். பிறகு கையாலோ பொறியாலோ ஊடுதையல் இடப்படும். அங்கங்கே நூல் முடிச்சிட்டு நிறுத்திய போர்வையை வீரப் போர்வை இயக்கம் ஏற்பதில்லை; முடிச்சுகளுக்கு இடையே பஞ்சு நகர்ந்து திரளக்கூடும். நீள்கைத் தையற்பொறி வைத்திருக்கும் தன்னார்வலருக்கு மேல்துணியை அனுப்பி ஊடுதையல் இடச் செய்வதும் உண்டு. எனவே ஒரே போர்வையில் இரண்டு மூன்று பேருடைய உழைப்பு இருப்பது இயல்பு.

அடுத்தது ஓரப்பட்டி. விரும்பத்தக்க அளவான 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் கொண்ட போர்வையின் சுற்றளவு 280 அங்குலம். மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் சேர்த்து, ஏறத்தாழ 42 அங்குல அகலத் துணியிலிருந்து இரண்டரை அங்குலப் பட்டிகள் எட்டு வேண்டும். ஏழு போதும் என்று கணக்கிட்டால் கடைசி மூலையில் பட்டி பற்றாமற் போகும். பட்டிகளைச் சாய்வாக இணைத்தால் தடிப்பு ஓரிடத்தில் குவியாது. இரட்டையாக மடித்த பட்டியை முன்புறம் தைத்து, பின்புறம் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத கைத்தையலால் முடிப்பர். முதலில் தேய்வது விளிம்பே ஆதலால் இரட்டை மடிப்பு வேண்டப்படுகின்றது.

பெயர்ச்சீட்டு கட்டாயம். மேல்துணி தைத்தவர், ஊடுதையல் இட்டவர், ஓரப்பட்டி தைத்தவர், பெறுபவர் ஆகியோரின் பெயர்கள் அழியா மையில் எழுதப்பட்டுப் பின்புறத்தில் தைக்கப்படும். பிறகு துவைப்பது வழக்கம். அமெரிக்கக் கொடியின் நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் பெரிதும் விரும்பப்படுவதால், சிவப்புச் சாயம் கசிந்து வெள்ளை இளஞ்சிவப்பாகும் ஆபத்து உண்டு. சாயம் உறிஞ்சும் தாள்களைத் தண்ணீரில் இட்டு இதனைத் தவிர்க்க முயல்வர்.

வழங்குதல்

இப்போர்வை "பரிசளிக்கப்படுகின்றது" என்று கூறப்படுவதில்லை. பதக்கத்தைப் போல "வழங்கப்படுகின்றது" என்றே கூறுவர். பெறுபவரின் பணிக்கு நன்றி கூறி, போர்வையை அவருடைய தோளைச் சுற்றிப் போர்த்துவர். ஊர் திரும்பியபோது வரவேற்பே காணாத வியட்நாம் போர் வீரர் பலருக்கு இந்நன்றி பல பத்தாண்டுகள் கழிந்தே வந்தது. சிலர் இதனை அழுக்காக்க மனமின்றி அலமாரியில் வைத்துவிடுகின்றனர். போர்த்திப் பயன்படுத்துவதற்காகவே இது தைக்கப்பட்டது. வீட்டுச் சலவைப் பொறியில் குளிர்ந்த நீரில் துவைக்கலாம்.