கார்டிசாலுக்காகப் பிறந்த மாத்திரை

மிஃபெப்ரிஸ்டோன் என்றதும் மாணவர்கள் ஒரே குரலில் ‘கருக்கலைப்பு மாத்திரை’ என்பார்கள். மருந்தியல் நடத்தும் நான் அதோடு விடுவதில்லை. அது அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசாலை அடக்கத் தேடியபோது கிடைத்த மருந்து. அந்தப் பூர்வகதை தெரியாமல் ரெலகோரிலன்ட் என்ற புதிய மருந்தைப் புரிந்துகொள்ள முடியாது.

1912இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 23 வயதுப் பெண் ஒருவரின் நோயைப் பதிவு செய்தார். முகம் வட்டமாகி, உடல் பருத்து, கைகால் மட்டும் மெலிந்து, மாதவிலக்கும் நின்றிருந்தது. 1932இல் இத்தகைய பலரின் விவரங்களைத் தொகுத்து, பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சிறு கட்டியே காரணம் என்றார். அந்தக் கட்டி அட்ரீனலை விரட்டி அளவுக்கு மீறிக் கார்டிசாலைச் சுரக்கவைக்கிறது என்பது பின்னால் தெளிந்தது.

1948 செப்டம்பரில் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண், கார்டிசாலோடு தொடர்புள்ள கார்டிசோன் ஊசி போட்ட சில நாட்களில் எழுந்து நடந்தார். அட்ரீனல் ஹார்மோன் ஆய்வுக்காக 1950இல் கெண்டால், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. ஆனால் மருந்தை நெடுநாள் எடுத்தவர்களுக்குக் குஷிங் கண்ட அதே வட்ட முகம் வந்தது. உயிர் காக்கும் ஹார்மோன் மிஞ்சினால் என்ன செய்யும் என்று உலகமே பார்த்தது.

அதை அடக்கும் மருந்துகளோ, வேறு வேலைக்கு வந்தவை. டிடிடி பூச்சிக்கொல்லியின் நெருங்கிய உறவான ஒரு பொருள் நாய்களின் அட்ரீனல் புறணியை அழிப்பது 1949இல் தெரிந்தது. அதிலிருந்து வந்த மைட்டோடேன் அட்ரீனல் புற்றுநோய்க்கு மருந்தானது. பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுத்த கீட்டோகோனசோல் சில ஆண்களுக்கு மார்பு வீக்கம் தந்தது. ஸ்டீராய்டு ஹார்மோன்களின் உற்பத்தியையே அது குறைக்கிறது என்பது அப்படித்தான் பிடிபட்டது.

பாரிஸை அடுத்த ரோமன்வீலில் இருந்த ரூசல்-உக்லாஃப் நிறுவனம் வேறு வழியில் போனது. கார்டிசால் சுரக்கட்டும், செல்லுக்குள் அது பொருந்தும் ஏற்பியை அடைத்துவிடலாம் என்பது யோசனை. 1980இல் உருவான ஆர்யூ 38486 (மிஃபெப்ரிஸ்டோன்) மூலக்கூறின் 11ஆவது கார்பனில் ஒரு பெரிய பக்கக்கிளை நீட்டிக்கொண்டிருக்கும். பூட்டுக்குள் நுழைந்தும் திரும்பாத சாவி மாதிரி, அந்தக் கிளை ஏற்பியை வேலை செய்யவிடாது. அதே மூலக்கூறு கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனின் ஏற்பியையும் அடைத்தது. பிரெஞ்சு ஹார்மோன் ஆய்வாளர் எத்தியேன்-எமில் போல்யூ அதன் பயனை உணர்ந்து முன்னெடுக்க, 1982இல் ஜெனீவாவில் கருக்கலைப்புக்கான முதல் சோதனை நடந்தது.

1985லேயே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், கார்டிசால் மிகுந்த குஷிங் நோயாளி ஒருவர் இம்மருந்தால் தேறியதை வெளியிட்டார்கள். ஆனால் கருக்கலைப்புச் சர்ச்சையின் நடுவே 1989இல் அமெரிக்கா தனிநபர் இதைத் தருவிக்கவும் தடை போட்டது. கருக்கலைப்புக்கு அங்கே ஒப்புதல் 2000இல். குஷிங் நோயாளிகளின் உயர்சர்க்கரைக்கு 2012இல். 1985க்கும் 2012க்கும் நடுவே 27 வருடம். அபூர்வ நோய், குறைந்த சந்தை என்பதும் காரணம்தான். ஆனால் ஒரு மருந்தைச் சுற்றிய சண்டையில் அதன் மற்றப் பயனாளிகள் கண்ணில் படாமலே போனதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மிஃபெப்ரிஸ்டோன் எடுக்கும் குஷிங் நோயாளிப் பெண்களுக்குக் கருப்பை உட்சுவர் தடித்து இரத்தப்போக்கு வரலாம். பொட்டாசியமும் இறங்கலாம். இந்தக் குறையைத் தீர்க்கக் கலிஃபோர்னியாவின் கார்செப்ட் நிறுவனம் கொண்டுவந்ததுதான் ரெலகோரிலன்ட். இது ஸ்டீராய்டு வடிவம் கொண்டதல்ல. கார்டிசால் ஏற்பியில் மட்டும் அமரும், புரோஜெஸ்டிரோன் பக்கம் போகாது.

புற்றுநோய்க்குள் இது வந்ததற்கும் காரணம் உண்டு. கீமோதெரபி கொல்ல வேண்டிய செல்லைச் சாகவிடாமல் கார்டிசால் காப்பதுண்டு. அந்தக் காவலை விலக்கினால் கீமோ வேலை செய்யும். பிளாட்டினம் மருந்துக்கு மசியாத சினைப்பைப் புற்றுநோய் கொண்ட 381 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2025இல் வெளியான இடைக்கால முடிவில், கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை (median) ஆயுட்காலம் சுமார் பதினொன்றரை மாதம். இதையும் சேர்த்து எடுத்தவர்களுக்குச் சுமார் பதினாறு மாதம். அந்த நாலரை மாதத்தின் அருமை அந்த வீடுகளுக்குத் தெரியும். கார்டிசாலை அடைப்பது என்ற அந்தப் பழைய யோசனையைக் கைவிடாமல் பிடித்திருந்தவர்களுக்கு என் நன்றி. அடுத்த நோயாளிகளை இன்னொரு 27 வருடம் காக்கவைக்கக் கூடாது.