வாங்குகிறவர் பெயர் இல்லாத வரி

அண்ணாகிராமம் ஒன்றியத்து ஊர்களில் வீடு கட்டுகிறவர்கள் மோட்டாரோ மின்விசிறியோ வாங்கப் பண்ருட்டிக்கோ நெல்லிக்குப்பத்துக்கோ போவார்கள். விலை படிந்ததும் கடைக்காரர் கேட்பார்: "பில்லு போடவாண்ணே, சும்மா எழுதிக் குடுத்துடவா? பில்லு போட்டா ஜிஎஸ்டி ஏறும்." அந்த 'ஜிஎஸ்டி' இருக்கும் இடத்தில் முன்பு 'வாட்' இருந்தது. அதற்கும் முன்பு 'சேல்ஸ் டாக்ஸ்', அச்சில் 'விற்பனை வரி'. பெயர் இரண்டு முறை மாறியும் கேள்வி மட்டும் மாறவில்லை. வரி கடைக்காரர் பாடு, வேண்டுமென்றால் நாம் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிற நினைப்பு நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. அதற்கு வரியின் பெயரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. செக்கு வைத்திருப்பவர் கட்டியது செக்கிறை, தறி வைத்திருப்பவர் கட்டியது தறியிறை, பொற்கொல்லர் கட்டியது தட்டார்ப்பாட்டம். சந்தையில் கடை போட்டவர் கட்டியது அங்காடிப் பாட்டம். விற்பனை வரிக்கு மிக நெருங்கிய பழம்பெயர் இதுதான். இறை, பாட்டம், ஆயம், கடமை என்று பின்பாதி எதுவாக இருந்தாலும், எதன் மேல் வரி, யார் கட்டவேண்டும் என்பதை முன்பாதியே சொல்லிவிடும். எழுத்தறியாதவருக்கும் காதில் விழுந்தவுடன் புரிகிற பெயர்கள் அவை. வரி நீக்கிய நிலத்துக்கு இறையிலி என்று பெயர். இறை இல்லாதது இறையிலி, அவ்வளவு நேரடி.

சரக்கின் மேல் விழுந்த வரிக்கு அதற்கும் முந்திய பெயர் உல்கு. அரசனுக்கு உரிய பொருள்களில் ஒன்றாக உல்கு பொருளைத் திருக்குறள் எண்ணுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் உல்கு வாங்கிப் புலிச்சின்னம் பொறித்து மூட்டைகளை அனுப்பிய காட்சியைப் பட்டினப்பாலை விரித்துக் காட்டுகிறது. வரி கட்டியாயிற்று என்பதற்குச் சரக்கின் மேலேயே அடையாளம் இருந்தது. இந்த உல்கும் பின்னால் வழங்கிய சுங்கமும் வடமொழிச் 'சுல்கம்' என்ற ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்பது அகராதி அறிஞர் பலர் கொண்ட முடிவு. ஒரு சொல் முதலில் சகரத்தை இழந்து உல்காக உள்ளே வந்தது. பின்னர் பிராகிருதத்தின் வழியே சுங்கமாக மறுபடி வந்தது. முதலில் வந்தது ஏட்டோடு நின்றுவிட, இரண்டாவதாக வந்ததே தங்கியது. கன்னடத்தில் சுங்க, தெலுங்கில் சுங்கமு, மலையாளத்தில் சுங்கம் என்று தென்னாடு முழுக்க அது நிலைத்துவிட்டது.

இந்தச் சுங்கத்தோடு நம் பகுதிக்கு நெருங்கிய உறவு உண்டு. 1070இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றவன். போரில் வென்றதற்காக மன்னர்களுக்குக் கிடைத்த பட்டங்கள் ஏராளம். ஒரு வரியை நீக்கியதற்காக மக்கள் நினைவில் நின்ற பட்டம் அரிது. அவனுடைய தளபதி மணவிற்கூத்தன் என்னும் நரலோகவீரன் செய்த திருப்பணிகளைத் தில்லைக் கோயில் கல்வெட்டும், பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை வீரட்டானத்துக் கல்வெட்டும் பாடல்களாகவே பதிந்து வைத்திருக்கின்றன. இன்று கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போகும் சாலையில் கொத்தட்டையில் சுங்கச்சாவடி இருக்கிறது. அங்கே வாங்குவது சரக்குக்கான வரி இல்லை, சாலையில் ஓடும் வண்டிக்கான கட்டணம். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் மட்டும் சுங்கம் இன்னும் பழைய பொருளில் வழங்குகிறது.

'வரி'க்கு வருவோம். சோழர் ஆட்சியில் வருவாயைக் கவனித்த அலுவலகம் புரவுவரித் திணைக்களம். அதன் பதிவேடு வரிப்பொத்தகம். ஒரு நிலத்தை அந்தக் கணக்கில் ஏற்றுவதை 'வரியிலிடுதல்' என்றார்கள். கோடு என்றும் எழுத்தின் வரிசை என்றும் பொருள்பட்ட வரி, கணக்கில் ஏறிய வரி என்ற பொருளுக்கு நகர்ந்து, அங்கிருந்து செலுத்தவேண்டிய தொகையைக் குறித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இலங்கைத் தமிழர் இந்தச் சொற்களைக் கைவிடவே இல்லை. அங்கே வருமான வரி அலுவலகத்தின் பெயர் உள்நாட்டு இறைவரித் திணைக்களம். இறை, வரி, திணைக்களம் மூன்றும் கல்வெட்டுச் சொற்கள். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது.

நம் 'விற்பனை வரி' பிறந்தது 1939இல். சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் நீட்டினார். கள், சாராயத்தில் வந்த வருவாய் நின்றது. அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்ததுதான் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாப் பொருளுக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது நம் மாகாணமே. பின்னர் அந்தச் சட்டத்தில் இருந்த விகிதம் ரூபாய்க்கு மூன்று தம்பிடி. அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி, ரூபாய்க்குப் பதினாறு அணா; ஆக ரூபாய்க்குக் காலணா. பத்து ரூபாய்ச் சாமானுக்கு இரண்டரை அணா என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். இன்றைய சதவீதத்தில் அது ஒன்றரைக்குச் சற்று மேல்.

சட்டம் பார்த்தது வியாபாரியின் ஆண்டு விற்றுமுதலை. அதனால் 'விற்பனை' வரி என்ற பெயர் சட்டப்படி சரி. ஆனால் அந்தக் காலணாவை வியாபாரி தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை, விலையில் ஏற்றினார். கொடுத்தவர் வாங்கியவர், பெயரில் நின்றவர் விற்றவர். பிழை இங்கேதான் தொடங்குகிறது. 1959 ஏப்ரல் 1 முதல் புதிய பொது விற்பனை வரிச் சட்டம், 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி. ஒரு பெயர் விற்பவரைச் சொல்கிறது, அடுத்தது இடையில் கூடும் மதிப்பைச் சொல்கிறது, மூன்றாவது பண்டத்தைச் சொல்கிறது. வாங்குகிறவரைச் சொல்லும் பெயர் ஒன்றுகூட இல்லை. சிங்கப்பூர்த் தமிழர் 'பொருள், சேவை வரி' என்கிறார்கள். நம்முடையதைவிட எளிய பெயர், ஆனால் அதிலும் வாங்குகிறவர் இல்லை.

எல்லை ஓர மக்களுக்கு இந்த வரிப் பெயர்கள் வெறும் காகிதச் சொற்கள் அல்ல. கடலூரில் ஆல்பேட்டையைத் தாண்டினால் புதுச்சேரி. விற்பனை வரிக் காலத்தில் இரு பக்கமும் விகிதம் வேறு என்பதால் அங்கே போய் வாங்கி வருவது வழக்கம். ஜிஎஸ்டி வந்தபின் விகிதம் ஒன்றாகிவிட்டது. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வராததால், அவற்றுக்கு இன்னும் அந்தந்த அரசின் மதிப்புக் கூட்டு வரிதான். புதுச்சேரிப் பக்கம் போகிற வண்டிகள் அங்கேயே டாங்கை நிரப்பிக்கொள்வது அதனால்தான்.

இனி கணக்குக்கு வருகிறேன். உறையில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரியும் அடங்கிய விலை. அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய் கேட்டாலும் தவறு. அடங்கியிருக்கும் வரியைப் பிரிப்பதில் பலர் சறுக்குகிறார்கள். 63 ரூபாய்ப் பற்பசைக்கு 5 சதவீதம் என்றால் 3 ரூபாய் 15 காசு என்று கணக்கிடக் கூடாது. 63ஐ 5ஆல் பெருக்கி 105ஆல் வகுக்க வேண்டும். வரி 3 ரூபாய். 18 சதவீதமுள்ள மின்விசிறி 2,360 ரூபாய் என்றால் 18ஆல் பெருக்கி 118ஆல் வகுத்தால் 360. அசல் விலை 2,000. விலையின் மேலேயே நேராக 18 சதவீதம் போட்டால் 424 ரூபாய் 80 காசு வந்து கணக்கு கெட்டுவிடும். இந்தத் தொகை பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பாதி பாதியாகப் பிரிந்து நிற்கும். ஒன்று மத்திய அரசுக்கு, மற்றது மாநிலத்துக்கு. 9 என்று ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு வரி ஒன்பது சதவீதம்தான் என்று எண்ணிவிடக் கூடாது, இரண்டையும் கூட்ட வேண்டும்.

எல்லாப் பொருளுக்கும் வரி ஒன்றுபோல இல்லை. பலாப்பழத்துக்கு வரி இல்லை, முந்திரிப் பருப்புக்கு உண்டு. பெயர் அச்சிட்டு 25 கிலோ வரை பொதிந்த அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். சில்லறையாக அளந்து வாங்கினால் இல்லை. அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்ததற்கு இந்த வரம்புதான் காரணம்.

எம்.ஆர்.பி.யோடு வரும் 'எல்லா வரிகளும் உட்பட' என்ற ஒரு சொற்றொடர்தான் வாங்குகிறவருக்கு உண்மையைச் சொல்கிறது. அது உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. பொட்டலப் பொருள் விதிகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும் என்கின்றன. கூடுதலாகத் தமிழில் அச்சிட எந்தத் தடையும் இல்லை. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வோர் உறையிலும் அந்த மூன்று சொல் தமிழில் வரவேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். பண்ருட்டி முந்திரிப் பொட்டலங்களில் நம் ஊர் வியாபாரிகளே இதைத் தொடங்கலாம். பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் எழுதியிருக்கும் வரி நீங்கள் கட்டியது.