கராம்பும் இறுங்கும் சேர்ந்த ஒரு மருந்து

கராம்பு எங்களுக்குப் பல்வலிக்கும் புரியாணிக்கும்தான். இறுங்கு எண்டால் அம்மம்மாமார் சொல்லும் பழைய சாப்பாடு. இந்த இரண்டோடும் மிளகுக்குச் சொந்தமான ஒரு மேற்கு ஆபிரிக்க விதையையும், வேங்கை இனத்து மரமொன்றின் தண்டையும் சேர்த்து நைஜீரியாவில் அரிவாட்கல நோய்க்கு ஒரு மருந்து செய்தார்கள். அந்தக் கதையைத் தேடிப் படித்தபோது எங்களுக்கு வியப்பைவிடக் கோபம்தான் கூட வந்தது.

இது பரம்பரை நோய். ஒட்சிசன் குறையும்போது ஈமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கோல்களாகி, வட்டமான செங்குழியத்தை அரிவாள் போல வளைத்துவிடும். வளைந்த கலங்கள் சிறிய குருதிக் குழாய்களை அடைக்க, தாங்கேலாத நோவு வரும். கோளாறு ஈமோகுளோபின் மூலக்கூறில்தான் எண்டு லைனஸ் போலிங்கின் குழு காட்டியது 1949 இல். யொருபா மக்களிடம் அதற்கு எவ்வளவோ முதலே 'அபிகு' எண்ட சொல் இருந்தது: செத்துச் செத்து அதே தாயிடம் திரும்பிப் பிறக்கும் பிள்ளை. அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளைகள் பலருக்கு இந்த நோய்தான் இருந்திருக்கும் எண்டு பிறகு வந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நோவைக் கண்ட ஊரில் மருந்தும் தேடியிருப்பார்கள்தானே. ஒகுன்யாலே எண்ட போதகர், தன் குடும்பத்தில் வழிவழியாக வந்த செய்முறையை 1990களின் தொடக்கத்தில் அபூஜாவிலுள்ள தேசிய மருந்தாக்க ஆய்வு நிறுவனத்திடம் கொடுத்தார். வருமானத்தில் அவருக்கும் பங்கு எண்டு ஒப்பந்தம் எழுதினார்கள். இப்படிக் கேட்டு வாங்கினதே அபூர்வம். சார்ள்ஸ் வம்பெபேயின் குழு அதை 'நிப்ரிசான்' ஆக்கியது. அந்தச் சாறு ஈமோகுளோபின் கோலாவதைத் தடுப்பது ஆய்வுகூடத்தில் தெரிந்தது. 82 நோயாளரிடம் நடந்த சோதனையில், 2001 இல் வந்த முடிவின்படி, கடும் நோவு வருவது குறைந்தது. ஆனால் ஒரு சிறிய சோதனையை மட்டும் வைத்து நோய் மாறும் எண்டு சொல்ல ஏலாது. வீட்டில் அவித்துக் குடிக்கிற விசயமும் இல்லை.

2002 இல் அதைச் செய்து விற்கும் தனியுரிமை அமெரிக்காவின் ஸீகெம் கம்பனிக்குப் போனது. 2006 இல் நைஜீரியா அனுமதி கொடுக்க, 'நிக்கோசன்' எண்ட பேரில் விற்பனைக்கு வந்தது. 2008 இல் கம்பனி வங்குரோத்தானது. பிறகு உற்பத்தியும் நின்றது. பாவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மருந்து கிடைக்காமல் போனது.

கம்பனிகள் முறியும், அது புதினமில்லை. அரச ஆய்வுகூடத்தில் உருவான மருந்தின் முழு உரிமையையும் ஒரேயொரு கம்பனியின் கையில் கொடுத்தது ஏன் எண்டதுதான் எங்கட கேள்வி.