குசும்பா

குசும்பா (செந்துருக்கம்) சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுப் பயிர். தாவரவியல் பெயர் கார்தமஸ் டிங்டோரியஸ். இதன் செம்மஞ்சள் பூவிதழ்கள் குங்குமப்பூவுக்கு மாற்றாகப் பயன்படுவதால் 'போலிக் குங்குமப்பூ' என்றும் சொல்வதுண்டு. ஒருகாலத்தில் சாயத்துக்காக விளைந்த இப்பயிர் இன்று பெரும்பாலும் எண்ணெய்க்காகப் பயிரிடப்படுகிறது. கோவில்பட்டி வட்டாரக் கரிசலுக்கு ஏற்ற மானாவாரிப் பயிர்களுள் இதுவும் ஒன்று.

குங்குமப்பூவுடன் ஒப்பீடு

இரண்டும் உறவில்லாத செடிகள். குங்குமப்பூச் செடி கிழங்கிலிருந்து முளைப்பது, விதை வைக்காது. ஒரு பூவுக்கு மூன்று சூலக முடிகளே கிடைக்கும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். உலக விளைச்சலில் பெரும்பங்கு ஈரானுடையது; இந்தியாவில் காஷ்மீரின் பாம்பூர் பெயர் பெற்றது. காஷ்மீர்க் குங்குமப்பூ 2020இல் புவிசார் குறியீடு பெற்றது.

வரலாறு

எகிப்தில் துத்தன்காமன் கல்லறையில் கிடைத்த மாலைகளில் குசும்பாப் பூக்கள் இருந்தன. காளிதாசர் இயற்றியதாகக் கருதப்படும் 'இருதுசங்காரம்' வசந்தகாலப் பெண்களின் குசும்பாச் சாய ஆடைகளைப் பேசுகிறது. ஜப்பானில் இதன் சிவப்பு உதட்டுச் சாயமானது.

பூவில் இரண்டு நிறங்கள் உள்ளன. மஞ்சள் தண்ணீரில் கரைந்து போகும். எஞ்சும் சிவப்பைச் சாம்பல் காரநீரில் பிரித்தெடுத்து, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு சேர்த்துத் துணியில் ஏற்றுவர். வெயிலிலும் சலவையிலும் இது எளிதில் வெளுக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயங்கள் பரவியதும் இத்தொழில் நலிந்தது.

கரிசலில்

கோவில்பட்டிப் பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியது. மழையில் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் கரிசல் மண், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆணிவேரை ஆழமாக இறக்கும் குசும்பா, மழை ஓய்ந்த பிறகும் அடிமண் ஈரத்தில் நின்று விளையும். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பருத்தி, சோளம் முதலிய மானாவாரிப் பயிர்களில் பல ரகங்களை உருவாக்கியது. குசும்பாவில் 'கே 1' இந்நிலையத்தின் ரகம்.

செடியின் முள் ஆடுமாடுகளைத் தடுப்பதால் தக்காணத்தில் இதை வயலோரம் வேலியாகவும் விதைப்பர். அறுவடையில் அதே முள் தொல்லை; பனி ஈரத்தில் முள் இளகியிருக்கும் அதிகாலையில் அறுப்பது வழக்கம். அசுவினித் தாக்குதலும் உண்டு. கரிசல் விவசாயிகள் இன்று உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தியையே மிகுதியாக விதைக்கிறார்கள். இந்தியக் குசும்பா விளைச்சலில் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் முன்னிற்கின்றன.

பயன்

விதையில் ஏறத்தாழ 30 விழுக்காடு எண்ணெய் உண்டு. அதில் லினோலெயிக் அமிலம் மிகுதி. எண்ணெய் சமையலுக்கும் வண்ணப்பூச்சுக்கும், பிண்ணாக்கு மாட்டுத் தீவனத்துக்கும் பயன்படும். சீன மருத்துவத்தில் பூ சேர்கிறது.

கலப்படத்தைக் கண்டறிதல்

குங்குமப்பூவில் குசும்பாப் பூ கலந்திருந்தால் வடிவிலும் மணத்திலும் கண்டுகொள்ளலாம். குங்குமப்பூ இழையின் நுனி ஊதுகுழல்போல் விரிந்திருக்கும். குசும்பாப் பூ குழல் வடிவில் இருந்து நுனியில் ஐந்து சிறு இதழ்களாகப் பிரியும். குங்குமப்பூவுக்குரிய மணம் குசும்பாவுக்குக் கிடையாது.