“எங்கள் ஆள் இல்லை”: ஈ.எஸ்.ஐ. சட்டமும் முதலாளிகளும்



மறைமலை நகரில் ஈ.எஸ்.ஐ. அட்டையைப் பார்க்காதவர் குறைவு. அந்த அட்டை எப்படி வந்தது, அதற்குப் பணம் கட்ட முதலாளிகள் ஏன் தயங்கினார்கள் என்பதைத்தான் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கரிடம் இருந்தது. அந்தக் காலத்தில்தான், 1943 மார்ச்சில், ஆலைத் தொழிலாளருக்கு நோய்க் காப்பீட்டுத் திட்டம் வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் பி.பி. அடார்க்கரிடம் தரப்பட்டது. 1944இல் அவர் அறிக்கை அளித்தார். 1948இல் சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சர் பாபு ஜெகஜீவன் ராம். காய்ச்சலில் படுத்த தொழிலாளிக்கும் வருமானம் உண்டு என்ற சட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தீண்டாமையை அனுபவித்த இருவர் இருந்தார்கள். இது நம் வரலாறு.

சட்டம் வந்தும் திட்டம் உடனே வரவில்லை. சில ஊர்களில் மட்டும் முதலில் தொடங்குவது என்று முடிவானதும், அந்த ஊர் முதலாளிகள் எதிர்த்தார்கள். நாங்கள் மட்டும் பணம் கட்டினால் மற்ற ஊர் ஆலைகளோடு எப்படிப் போட்டியிடுவது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1951 திருத்தம் அதற்கு விடை சொன்னது: நாடு முழுவதும் முதலாளிகள் சிறப்புப் பங்களிப்பு கட்ட வேண்டும், திட்டம் நடக்கும் ஊர்களில் விகிதம் கூடுதல். அதன்பின் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955இல் கோவைக்கும் சென்னைக்கும் வந்தது.

செலவை யார் சுமப்பது என்ற கேள்வி அப்படித் தீர்ந்தது. தொழிலாளி யார் என்ற கேள்வி தீரவில்லை. மின்விசையால் இயங்கும், 20 பேராவது வேலை செய்யும், பருவகாலத்துக்கு மட்டும் நடக்காத ஆலைகளுக்கே சட்டம் முதலில் பொருந்தியது. வயல் வெளியே நின்றது. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் பறையர் மக்களின் நிலமற்ற நிலையைக் கலெக்டர் திரமென்கீர் 1891இலேயே எழுதி வைத்தார். அந்த மக்களை வேலை வாங்கிய மிராசுதாரைச் சட்டம் முதலாளியாக எண்ணவில்லை.

வயல் ஆலையான பிறகும் அந்தப் பழைய விடை ஓயவில்லை. கூட்டுகிறவரை, மூட்டை தூக்குகிறவரை, கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவரைக் கேட்டால், “எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்” என்கிறார்கள். 1948 சட்டத்தின் 40ஆம் பிரிவோ, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் முதன்மை முதலாளியே முதலில் பணம் கட்ட வேண்டும் என்றது. பிறகு அதை ஒப்பந்தக்காரரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம்.

2019 ஜூலையில் முதலாளியின் பங்கு 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகக் குறைந்தது. நூறு ரூபாய் கூலிக்கு மூன்றேகால் ரூபாய். இதைப் பெரிய சுமை என்று சொல்ல முடியாது. தட்டிக் கழிக்கப்படுவது பதிவேட்டில் எழுத வேண்டிய ஒரு பெயர்.

அந்தப் பெயர் நம்முடையது. கூலியில் பிடித்தம் போகிறதா, காப்பீட்டு எண் வந்ததா என்று நாளைக் காலை வேலைக்குப் போகும்போது கேளுங்கள்.

ஜெய்பீம்.